தீபாவளிக்கு அவர்கள் வரட்டும், மார்கழிக்கு நீங்கள் போங்கள்
சென்னையில் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஐப்பசி மாத ஆலோசனை

ஐப்பசி பிறந்துவிட்டது. மதுரை, நெல்லை, கோவை, சேலம் என்று வெளிமாவட்டங்களில் இருக்கும் பெற்றோர் பலர் இந்த நேரத்தில்தான் சென்னைக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை கிடைத்துப் போன மகன், கல்யாணமாகி மேடவாக்கத்தில் தனிக்குடித்தனம் வைத்த மகள். புது வீட்டை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. தீபாவளியைச் சாக்கிட்டு ஒரு எட்டுப் போய்வரலாம் என்று தோன்றும்.

எங்கள் ஆலோசனை: தீபாவளிக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரட்டும். உங்கள் பயணத்தை மார்கழிக்குத் தள்ளிவையுங்கள். அதற்கான வேலையை மட்டும் இந்த வாரமே தொடங்குங்கள்.

ஏன் மார்கழி?

சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் மழை சராசரியாக 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. கோவை நகரம் ஓராண்டு முழுக்கக் காணும் மழையில் பெரும்பங்கு அது.

2016-ல் வர்தா புயல் டிசம்பர் 12. 2023-ல் மிக்ஜாம் டிசம்பர் 3, 4. 2024-ல் விமான நிலையத்தையே மூட வைத்த ஃபெஞ்சல் நவம்பர் 30. எல்லாமே மார்கழி பிறப்பதற்கு முன்னால் வந்தவை. மார்கழியில் புயலே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2011-ல் கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயல் டிசம்பர் 30-ஆம் தேதி கரையேறியது. ஆனாலும் மழையின் வேகம் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜனவரி அதிகாலையில் 20, 21 டிகிரிதான் இருக்கும். வேர்வைக்குப் பயந்து சென்னைக்கே வர மாட்டேன் என்கிறவர்களும் அப்போது தாராளமாக வரலாம்.

டிக்கெட்டை இப்போதே பாருங்கள்

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே ஐப்பசி முதல் வாரத்தில் மார்கழி முதல் வாரத்துக்கான டிக்கெட்டும், ஐப்பசி நடுவில் மார்கழி நடுவுக்கான டிக்கெட்டும் கிடைக்கும். பண்டிகைக்கு முன் எல்லாக் கூட்டமும் சென்னையிலிருந்து வெளியே போகும். பண்டிகை முடிந்ததும் அதே கூட்டம் சென்னைக்குத் திரும்பும். இதைப் புரிந்துகொண்டால் திட்டம் எளிது. மார்கழி நடுவில் போங்கள். பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒன்றாக ஊர் திரும்புங்கள். அந்தத் திரும்பும் டிக்கெட்தான் சிக்கல். நவம்பர் நடுவில் முன்பதிவு திறக்கும் நாளன்றே காலையில் எடுத்தால்தான் உண்டு.

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது முதல். முன்பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எங்கே இறங்குவது என்பதையும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மகன் வீடு சோழிங்கநல்லூரில் என்றால் எழும்பூர் வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல்; தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் நிற்கும் தாம்பரமே பக்கம். பேருந்தில் வருகிறவர்கள் பழைய ஞாபகத்தில் கோயம்பேடு என்று சொல்லிவைக்காதீர்கள். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன.

மழையில் போயே ஆக வேண்டும் என்றால்

மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு அறுவைச் சிகிச்சை, புதுமனை புகுவிழா. இவை மழையைப் பார்த்துக் காத்திருக்காது. அப்படிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில், வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் ஆகியவை தண்ணீர் தேங்கிப் பழகிய இடங்கள். தென்சென்னை ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பில்தான் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முட்டுக்காடு முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். கடல் பொங்கி நிற்கும்போது அந்த நீர் மெதுவாகத்தான் வடியும். அதனால் மழை விட்ட பிறகும் தெருவில் தண்ணீர் ஏறலாம். வானம் வெளுத்துவிட்டதே என்று காய்கறி வாங்கக் கிளம்பாதீர்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தார்கள் அல்லவா? அது பட்டு அறிந்தவர்கள் செய்த வேலை.

வானிலை அறிவிப்பைக் கேட்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் என்றால் 7 முதல் 11 செ.மீ. வரையிலான கனமழை, ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆரஞ்சு அறிவித்தாலே பயணத்தை ஒத்திப்போடுங்கள். புயல் கரையேறும்போது காற்று திடீரென ஓய்ந்து வெயில்கூட எட்டிப்பார்க்கலாம். வர்தாவின்போது சென்னை மக்கள் அதைப் பார்த்தார்கள். அது புயலின் கண் கடக்கும் நேரம். சற்றுப் பொறுத்து எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும். துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓட வேண்டாம்.

மாத்திரைகளைத் தங்கும் நாள்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து, மருந்துச் சீட்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தெருவில் தண்ணீர் நின்றால் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். லிஃப்டும் ஃபிரிட்ஜும் நின்றுபோகும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு சிறு மண்பானைக்கு ஏற்பாடு செய்துவையுங்கள். ஈரமான பானைக்குள் சிறு டப்பாவில் வைத்தால் மருந்து சூடேறாது. காலில் புண் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் தொற்றும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர் உதவி 1070, ஆம்புலன்ஸ் 108, மின்தடைக்கு மின்னகம் 94987 94987.

பையில் எது, எது வேண்டாம்

வத்தல், வடகத்தை மழைக்காலத்தில் கொண்டுபோனால் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள். கடற்காற்றில் இரண்டே நாளில் நமத்துப்போகும். திரும்பக் காயவைக்க அங்கே வெயிலும் இருக்காது, அடுக்குமாடியில் இடமும் இருக்காது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் போதும். கனத்த போர்வையும் முரட்டு வேட்டியும் துவைத்தால் காயாது. வார் வைத்த, வழுக்காத ரப்பர் செருப்பு அவசியம்.

அங்கே போன பிறகு

ஓ.எம்.ஆர். குடியிருப்புகள் பலவற்றில் குழாயில் வருவது போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோதான். குடிக்கக் கேன். அந்த உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். மருமகளின் குக்கரைக் குறை சொல்வதற்கு முன் கேன் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். மழை அறிவிப்பு வந்தால் இரண்டு கேன் கூடுதலாக வாங்கிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் நிற்பது கேன் வண்டிதான்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளை படுக்கவே விடியற்காலை மூன்று மணியாகும். நமக்கு ஐந்து மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். எழுந்ததும் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தலையணையை எடுத்துக் காதில் பொத்திக்கொள்வார்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சட்னியை முதல் நாள் மாலையே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் காபியைக் கலந்துகொண்டு கீழே இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். நடக்கப் போகும்போது பிளாக் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும்; கட்டடங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும், வாசல் காவலரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அடுக்களை சாமான்களை இடம் மாற்றாதீர்கள். வாடகை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்ற கணக்கை முதல் நாளே எடுக்காதீர்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நாள்களில் உங்கள் பொழுதை நீங்களே பார்த்துக்கொள்ளப் பழகுங்கள். அதற்கும் மார்கழிதான் தோது.

மார்கழிச் சென்னையில் பொழுது

டிசம்பர் நடுவிலிருந்து கச்சேரிகள். பல சபாக்களில் பகல் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது. வளரும் கலைஞர்கள் பாடும் நேரம் அது. கேன்டீன் சாப்பாட்டுக்காகவே போகிறவர்களும் உண்டு. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியும் பொங்கலை ஒட்டித்தான் வரும். முன்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும் சாதாரண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பெண்களும் ஏறலாம். முட்டி வலிக்காரர்களுக்கு லிஃப்ட் உள்ள மெட்ரோ ரயில் நல்லது.

கடலைப் பார்க்காமல் யாரும் திரும்ப மாட்டீர்கள். மெரினாவில் சாலையிலிருந்து அலை வரைக்கும் சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் மணல். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்கென்று 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, பிறகு சீரமைத்தார்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அங்கே குளிப்பதற்குத் தடை இருக்கிறது. ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திய பழக்கம் கடலின் உள்ளிழுப்புக்கு முன் செல்லாது. பொங்கலுக்குச் சென்னையிலேயே தங்கிவிட்டால், காணும் பொங்கல் கூட்டத்தில் மெரினா பக்கமே தலைவைக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பிள்ளைகளுக்கு விடுப்பு எப்போது, வேலைப்பளு குறையும் வாரம் எது என்று போனில் கேளுங்கள். தீபாவளிக்கு அவர்கள் ஊருக்கு வரும் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று விசாரியுங்கள். தேதி முடிவானதும் உங்கள் டிக்கெட்டை எடுங்கள். அவர்களைக் கேட்காமலே டிக்கெட்டை எடுத்துவிட்டு, "வருகிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.