குழாயடியில் ஒரு ஜெபம்



நம் மருத்துவமனைக்கு வந்த காணிக்கைக் கடிதங்களில் ஒன்று சில வாரங்களாக என் மேசையை விட்டு நகரவில்லை. எழுதியவர் ஒரு சகோதரி. வேலைக்குப் போகிறவர். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமியார். "ஐயா, மாதாமாதம் என்னால் இயன்றதை அனுப்பிவிடுகிறேன். ஆனால் எங்களுக்காக ஜெபியுங்கள் என்று செய்திமடலில் ஒவ்வொரு தடவையும் கேட்கிறீர்களே, அதுதான் முடியவில்லை. காலையில் முழங்கால் போட்டால் குக்கர் விசில் அடிக்கிறது. இரவில் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். ஜெபிக்காமல் பணத்தை மட்டும் அனுப்புவது சரிதானா?" என்று கேட்டிருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கக்கூடும்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரிதான், அம்மா. கொர்நேலியுவிடம் பேச வந்த தேவதூதன் அவனுடைய ஜெபங்களையும் தருமங்களையும் சேர்த்தே சொன்னான் (அப்போஸ்தலர் 10:4). ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. டயாலிசிஸுக்குப் பணம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப இருந்த ஒருவர், உங்கள் காணிக்கையால் அடுத்த வாரமும் வந்து படுக்கிறார் என்றால், அதைச் சிறிதாக எண்ண எனக்கு மனம் வராது.

ஜெபத்தைப் பற்றிய கேள்விக்குத்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. ஒரு போதகர் எழுதக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். இன்னும் அரைமணி நேரம் முன்னதாக எழும்புங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள், டெலிவிஷனைக் குறையுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அப்படியே பிரசங்கித்திருக்கிறேன். அந்தப் பதில்கள் எதுவரை தாங்கும் என்பதை ஓர் இரவில் கற்றுக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் துணைவியாருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு உண்டு. எத்தனையோ குடும்பங்களோடு நான் ஜெபித்த பெஞ்சு அது. அன்று அங்கே உட்கார்ந்தவனுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மற்றவர்களுக்காக வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆஸ்பத்திரிப் படிவத்தை யாரோ வாசிப்பதுபோல் அவை என் காதில் விழுந்தன. வெட்கமாக இருந்தது. நடுநிசி தாண்டி வெகுநேரம் கழித்து, என் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நூற்றிருபத்தோராம் சங்கீதம்! என் பாட்டி அரிசி புடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சங்கீதம் அது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியதை முறத்தின் தாளத்தோடு சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஒருநாளும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை. அடுப்படியில் விளையாடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த இரவில் அதன் பொருளைக்கூட நான் சிந்திக்கவில்லை. உதடு அசைந்தது. எனக்கு இருந்த ஜெபம் அதுமட்டுமே.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் இன்றும் முழுமையாக எழும்புவதில்லை. அந்தச் சங்கீதத்தினால்தான் பிழைத்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அதே பெஞ்சில், அதே சங்கீதத்தைச் சொல்லியும், பிரியமானவர்களை இழந்தவர்களை நான் அறிவேன்.

இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி வகுப்பில் படித்த ஒரு விஷயம் அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதலாம் சங்கீதத்தில் தியானத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'ஹாகா' என்பதாகும். தியானம் என்றதும் கண்ணை மூடி, மனதை அடக்கி, அசையாமல் உட்காருவதை நாம் நினைக்கிறோம். இந்தச் சொல்லோ தொண்டையிலிருந்து வரும் சத்தத்தைக் குறிப்பது. இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதற்கு ஏசாயா 31:4-இல் இதே சொல்தான். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுக் கிடந்தபோது புறாவைப்போல முனகியதாகச் சொல்வதற்கும் இதே சொல்தான் (ஏசாயா 38:14). இரவு நேரங்களில் நம் வார்டுகளில் நடந்து போகிறவர்களுக்கு அந்த முனகல் தெரியும். அதையும் தியானத்தையும் வேதம் ஒரே சொல்லால் குறிக்கிறது என்பது அன்று பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண். இன்று எனக்கு ஆறுதல். நியாயப்பிரமாண புஸ்தகம் யோசுவாவின் வாயை விட்டுப் பிரியக்கூடாது என்று சொல்லப்பட்டதும் (யோசுவா 1:8) இதனால்தான். வாய்தான் முதலில், பிறகு மனம்.

நம் ஊரில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது: அசைபோடுதல். மாடு வயலில் மேயும்போது நிதானமாக மெல்லுவதில்லை. கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிடுகிறது. பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிறது. குக்கர் விசிலுக்கு நடுவே ஒரே ஒரு வசனத்தை விழுங்கிவிட்டு ஓடுகிற தாய், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை அசைபோடலாமே! ஆனால் மேயாத மாட்டுக்கு அசைபோட ஒன்றும் இராது. ஆகவே காலையில் ஐந்தே நிமிடமானாலும், ஒரு வசனமானாலும், அதை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்லுவேன்.

நெகேமியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நேரத்து ஜெபத்துக்கு நாங்கள் பிரசங்கிமார் அவனைத்தான் இழுத்து வருவோம். சூசான் அரண்மனையில் ராஜாவுக்குப் பானம் கொடுக்கும் வேலை. அர்தசஷ்டா ராஜா கேள்வி கேட்கிறான். அவன் பதில் சொல்வதற்குள் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணுகிறான் (நெகேமியா 2:4). கண் மூடவில்லை, முழங்கால் போடவில்லை. எய்த அம்பைப்போல் ஒரு விநாடி ஜெபம். பார்த்தீர்களா, இது போதும் என்று சொல்லி நாங்கள் முடித்துவிடுவோம். ஆனால் முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிற செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவனுக்கு வந்தது. ராஜா கேட்டதோ நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதங்களாக அவன் மனதில் இருந்த ஜெபம் அந்த ஒரு விநாடியில் வெளியே வந்தது.

சகோதரர் லாரன்ஸ் என்ற துறவியின் காரியமும் இப்படித்தான். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடம் ஒன்றில் சமையலறை வேலை பார்த்தவர். 1691-இல் இறந்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவ சமுகத்தை உணர்ந்தவர் என்று அவரைப் புகழ்கிறோம். அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது என்பதையும், ஆரம்பத்தில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் மிகவும் தவித்தார் என்பதையும் சொல்ல மறந்துவிடுகிறோம். அவர் இறந்த பிறகு தொகுக்கப்பட்ட அந்தச் சிறு புத்தகம் ஒரு மணி நேரத்தில் வாசித்து முடிக்கக்கூடியதாக இருப்பதால், அந்த அனுபவமும் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோமோ என்னவோ.

இனி குழாயடிக்கு வருகிறேன். நம் மருத்துவமனையில் ஒரு நோயாளியைத் தொட்ட பிறகு, அடுத்தவரைத் தொடுமுன் கை கழுவியாக வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. 2020-இல் கொரோனா வந்தபோது இதை நீங்கள் எல்லோருமே கற்றுக்கொண்டீர்கள். எங்கள் மூத்த நர்ஸ் ஒருவர் ஒருநாள் என்னிடம், "ஐயா, ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை குழாயடிக்குப் போகிறேன் என்று கணக்கே இல்லை. முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது சோப்புப் போடும்போது, பார்த்துவிட்டு வந்த நோயாளியின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் விட்டுவிடுவேன். கையைத் துடைக்கும்போது அடுத்தவர் பெயர். அவ்வளவுதான்" என்றார்.

நான் ஆர்வம் மிகுந்து, "அப்படியானால் டிரிப் சொட்டுகளை எண்ணும்போதும் ஜெபிப்பீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அப்போது எண்ணத்தான் வேண்டும், ஐயா. ஜெபம் பண்ணிக் கணக்குத் தப்பினால் யார் பதில் சொல்வது?"

இந்தப் பதிலை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்நேரமும் ஜெபியுங்கள் என்று சொல்லிச் சொல்லியே நாம் ஜனங்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுகிறோம். மருந்தை அளக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், கணக்கு எழுதுகிறவர் இவர்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் கவனமே கீழ்ப்படிதல். ஆனால் ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. குழாயடி ஒரு மூட்டு. படிக்கட்டு ஒரு மூட்டு. கதவைப் பூட்டித் திறக்கும் நேரம், கொடியில் துணி எடுக்கும் நேரம், லிப்டுக்குக் காத்து நிற்கும் நேரம் எல்லாம் மூட்டுகளே. புதிதாக நேரத்தைத் தேட வேண்டாம். தினமும் தவறாமல் வருகிற ஒரு மூட்டைத் தெரிந்தெடுத்து, அதில் ஒரு பெயரை அல்லது ஒரு வசனத்தை மாட்டிவையுங்கள். ஒன்றுதான். ஐந்தாறைத் தொடங்கியவர்கள் இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

இதையெல்லாம் அந்தச் சகோதரிக்கு எழுதினேன். கடிதத்தை முடிக்கும்போது அவருடைய வரிகளை மறுபடி வாசித்தேன். ஜெபிக்க முடியாததற்கான காரணங்களில் ஒன்றாக அவர் எழுதியிருந்தது, படுக்கையில் இருக்கும் மாமியார்.

டோனாவூர் ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன் பிறகு 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயேதான் இருந்தார். வலி நீங்கவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து எத்தனை கடிதங்கள், எத்தனை புத்தகங்கள், எத்தனை பிள்ளைகளுக்காக ஜெபம்! நோயாளிகளை ஜெபிக்கப்பட வேண்டியவர்களாகவே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அவர்களும் ஜெபிக்கிறவர்கள் என்பது எளிதில் தோன்றுவதில்லை. எனக்கே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் தோன்றியது.

ஆகவே தயக்கத்தோடு ஒரு குறிப்பைச் சேர்த்தேன். நோயாளிகளின் பெயர்களை நாங்கள் வெளியில் கொடுப்பதில்லை. கர்த்தருக்குப் படுக்கை எண் தெரியும். கிழமைகளை மட்டும் எழுதினேன்: திங்கள் பிரசவ வார்டு, செவ்வாய் குழந்தைகள், புதன் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், வியாழன் டயாலிசிஸ், வெள்ளி பில் கட்டும் கவுண்டர் (அங்கே கண்ணீர் அதிகம்), சனி செவிலியர் விடுதிப் பிள்ளைகள். அம்மாவின் படுக்கையருகே இதை ஒட்டிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன்.

போன வாரம் பதில் வந்தது. மாமியாருக்குப் பேச்சு இன்னும் தெளிவில்லையாம். ஆனால் மாலையில் மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பில் கவுண்டருக்கு நீ ஜெபித்தாயா?" என்று குழறலாகக் கேட்கிறாராம். இல்லை என்றால் திட்டும் விழுகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை என்றும் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு, அந்த நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.