பதினெட்டு வயதில் திரும்பி வரும் பிள்ளை



தாய் தகப்பன் இல்லாமலோ, கவனிக்க ஆளில்லாமலோ சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் நம் லயங்களைச் சேர்ந்தவர்களிலும் உண்டு. 18 வயதானால் சட்டப்படி அவர்கள் பெரியவர்கள். இல்லத்தை விட்டு வெளியே வரவேண்டும். அன்றிலிருந்து சாப்பாடு, படுக்கை, வேலை எல்லாம் அவர்கள் பாடு.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஒரே ஒரு பேக்கோடு சித்தப்பா வீட்டுக்கு வந்தான். அந்தக் காம்பராவில் ஏற்கனவே ஏழு பேர். "எத்தனை நாளைக்குப்பா இருப்பே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அடையாள அட்டை இல்லை, அதனால் வேலையும் கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்விட்டான்.

நாம் செய்யக்கூடியவை:

1. 18 வயது வரை காத்திருக்காதீங்க. இப்போதே போய்ப் பாருங்கள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்டு, அனுமதி கிடைத்தால் லீவுக்குக் கூட்டி வாருங்கள்.

2. பிறப்புச் சான்றிதழைத் தேடி வையுங்கள். 15 வயதிலேயே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பு பதியப்படவில்லை என்றால் கிராம உத்தியோகத்தரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள்.

3. வேலைக்குச் சேர்ந்தால் சேமலாப நிதி உண்டா என்று விசாரியுங்கள். தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடித்தால், முதலாளி 12 சதவீதம் போடவேண்டும்.

4. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929க்கு உடனே போன் பண்ணுங்கள்.

காம்பரா சின்னதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் வாசலுக்கு வரும் பிள்ளையிடம் முதலில் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.