அருங்காட்சியகத்தில் ஓர் அறை போதும்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பழைய சென்னைவாசிகள் அதனைச் ‘செத்த காலேஜ்’ என்பர். விலங்குக் காட்சிச்சாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. நம் மாணவியர் வரிசையாகச் சென்று, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பும் இடம் அது. ஆனால் அவர்களுள் சிலருக்கு வீட்டிலே ஒரு தம்பியோ தங்கையோ உண்டு. பேச்சு வராத குழந்தை; ஓரிடத்தில் நில்லாத குழந்தை; பேரொலி கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை. “இவனை எங்கே கூட்டிக்கொண்டு போவது, சிஸ்டர்?” என்று தாய்மார் கேட்பதுண்டு. அருங்காட்சியகத்துக்கே கூட்டிச் செல்லலாம். எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலில் தாயோ தந்தையோ தனியே ஒருமுறை போய் வரவேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. கழிப்பறை எங்கே, படிகள் எத்தனை, உட்கார நிழல் எங்கே, எந்த அறையில் குரல் எதிரொலிக்கிறது என்பவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கூடங்களையும் இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடிக்கும் வழக்கம் எந்தக் குழந்தைக்குமே பயன் தருவதில்லை என்பது என் எண்ணம்.

வெண்கலச் சிலைக் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். திருவாலங்காட்டிலிருந்து வந்த புகழ்பெற்ற நடராசர் சிலை அங்கே உள்ளது. அரசர் பெயரும் நூற்றாண்டும் இக்குழந்தைக்கு இப்போது வேண்டா. சிலை எப்படி உண்டாயிற்று என்பதை வீட்டிலேயே கைகளால் கற்பிக்கலாம். சிற்பி முதலில் மெழுகில் உருவம் செய்கிறார். அதன்மேல் களிமண் பூசி உலர்த்துகிறார். சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேறுகிறது. உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறார். சுவாமிமலையில் இன்றும் இம்முறையே நடைபெறுகிறது. நம் வீடுகளில் மெழுகுவர்த்திக்குப் பஞ்சமில்லையே! ஆறிய மெழுகை அவன் கையால் பிசைந்து ஒரு பொம்மை செய்யட்டும். அதைக் களிமண்ணில் பொதிந்து உலரவிடுங்கள். சூடாக்கும் வேலை மட்டும் பெரியவருடையது. அவன் எட்ட நின்று பார்க்கட்டும். மறுநாள் வீட்டுக் குத்துவிளக்கைக் கையில் கொடுத்து, அதன் குளிர்ச்சியையும் கனத்தையும் உணரச் செய்யுங்கள். சிலை போல வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். தள்ளாடி விழுந்தால் இருவரும் சிரியுங்கள்.

இவ்வளவும் எதற்கென்றால், அங்கே சிலையைத் தொட அனுமதியில்லை. இது வெறும் கண்டிப்பன்று. நம் கை வியர்வையிலுள்ள உப்பு, வெண்கலத்தை மெல்ல மெல்ல அரிக்கும். ஆனால் தொட்டால்தான் புரியும் என்ற குழந்தைகளும் உண்டு. 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு, பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஹெலன் கெல்லர் 13 வயதுச் சிறுமியாகச் சென்றார். காட்சிப்பொருள்களைத் தொட்டறிய அவருக்குத் தனி அனுமதி தரப்பட்டது. எகிப்திய மம்மிகளைத் தொட மட்டும் அவர் மனம் ஒப்பவில்லை. உங்கள் குழந்தையும் ஏதேனும் ஒன்றன் அருகில் செல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் தொட்டறிவதற்கென்றே மாதிரி உருவங்கள் கொண்ட ஒரு கூடம் திறக்கப்பட்டது. எல்லா ஊர்களுக்கும் அது வர வேண்டும்.

புறப்படுமுன் பேருந்து, வாசல், சிலை, தின்பண்டம், வீடு என ஐந்து படங்களை ஒரு அட்டையில் வரைந்து காட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் அச்சம் பாதி குறையும். கூட்டமில்லாத காலை வேளையில் செல்லுங்கள். அப்படியும் அவன் கூச்சலிட்டுத் தரையில் படுத்துவிடலாம். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டாதீர்கள். ஒலியும் ஒளியும் கூட்டமும் தாங்கும் அளவை மீறிவிட்டன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பேச்சைக் குறைத்து, வெளியே மர நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்கு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பெத்சாயிதாவின் பார்வையற்றவரைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்ற பிறகே குணமாக்குகிறார். அதுவும் ஒரே தடவையில் அல்ல, இரண்டு முறை கைகளை வைத்து.

மாணவியரே, தம்பி கூச்சலிடும்போது சுற்றி நிற்பவர்கள் முறைப்பார்கள். ‘வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்றும் ஒருவர் சொல்லக்கூடும். அப்போது ‘இவன் யாரோ’ என்பதுபோல் நான்கு அடி தள்ளி நிற்கத் தோன்றும். தள்ளி நிற்க வேண்டா. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பிறரோடு சமமாகப் பங்குகொள்ளும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இவனுக்கு வழங்கியிருக்கிறது. முறைப்பவரிடம் சட்டம் பேச வேண்டியதில்லை. தம்பியின் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாலே போதும். அம்மாவுக்கு அந்த நேரத்தில் மூன்றாவது கை வேண்டியிருக்கும்.

வீடு திரும்பியதும் ‘என்ன பார்த்தாய்?’ என்று கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். நுழைவுச்சீட்டை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, மெழுகுத் துண்டையும் களிமண்ணையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். சில நாள் கழித்து அவன் ஒற்றைக்காலில் நின்று காட்டக்கூடும். அடுத்த முறையும் அதே அறைக்கே செல்லுங்கள். சலிப்பு நமக்குத்தான், அவனுக்கு இராது. மூன்றாம் முறை வேண்டுமானால் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம்.