கட்டுக்குள்ள இருக்கிற கண் என்ன பார்க்கும்?

உங்க அப்பாயிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சிருக்குன்னு வைங்க. சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தண்ணி ஊத்தாதே, எல்லாம் சொல்லியிருப்பாங்க. ராத்திரி அப்பாயி திடீர்னு "செவுத்தோரம் யாரு உக்காந்திருக்கா?"ன்னு கேட்டா? வேதாரண்யம் பக்கம்னா, அடுத்த நாளே யாராவது வேப்பிலையோட வந்துடுவாங்க.

அது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. முன்னெல்லாம் புரை எடுத்தா ரெண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாம நாள் கணக்கா படுக்க வைப்பாங்க. சிலர் குழம்பிப்போய் கட்டையே பிச்சு எறிவாங்க. 'பிளாக் பேட்ச் டெலிரியம்'னு அதுக்குப் பேரே உண்டு. 1958-ல வைஸ்மன், ஹேக்கெட்னு ரெண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைப் பத்தி எழுதினப்போ, முக்கியமா நம்பினது மருந்தை இல்ல, நோயாளியோட உக்காந்து பேசுற டாக்டரை.

ஏன் இப்படி ஆகுது? 2004-ல வெளியான ஒரு ஆய்வுல, நல்லா பார்வை உள்ள 13 பேரோட கண்ணை 5 நாள் கட்டி வெச்சாங்க. 10 பேருக்கு இல்லாத காட்சி தெரிஞ்சுது. வெளியிலிருந்து சிக்னல் வரலைன்னா மூளை சும்மா இருக்காது. இன்புட் இல்லாத ஆம்ப்ளிஃபயர்ல கெயினை ஏத்தினா இரையுமே, அந்த மாதிரி. (உவமைதான், சர்க்யூட் கேக்காதீங்க.)

இப்போ ஒரு கண்ணுக்குத்தான் கட்டு, பெரும்பாலும் மறுநாளே பிரிச்சிடுவாங்க. ஆனா உப்பளத்துலயும் வயல்லயும் உழைச்சு, ரெண்டு கண்ணும் மங்கின பிறகு முகாம் பஸ்ல வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களை யோசிச்சுப் பாருங்க. இருக்கிற ஒரு கண்ணுலயும் சரியா தெரியாது. புது இடம், பழகாத குரல், யார் தொடுறாங்கன்னே புரியாது. பயம் வராம என்ன செய்யும்? அதை வெளிய சொன்னா 'கிறுக்கு'ம்பாங்களோன்னு வாயைத் திறக்காதவங்கதான் பாவம்.

கூட இருக்கப்போறது நீங்கன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடியே "இப்படித் தோணலாம், தோணினா சொல்லு"ன்னு சொல்லி வைங்க. தொடுறதுக்கு முன்னாடி பேர் சொல்லுங்க. மணி என்ன, எந்த ஊர்ல இருக்கோம்னு அடிக்கடி சொல்லுங்க. சின்ன விளக்கு எரியட்டும். செம்பு, கைத்தடி வெச்ச இடத்தை மாத்தாதீங்க. "அங்க ஒண்ணுமில்ல, சும்மா இரு"ன்னு அதட்டாதீங்க. என்ன தெரியுதுன்னு கேளுங்க. "தெரியுது, ஆனா நெசமில்லன்னு எனக்கே தெரியும்"னு சொன்னா பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்ல, டாக்டர் காதுல மட்டும் போட்டு வைங்க. ஆளே அடையாளம் தெரியாம உளறினாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, கண்ணுல வலி கூடினாலோ, பார்வை குறைஞ்சாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க.