தொடர்ந்து விழும் கூடை: திறமையா, தற்செயலா?

மாணவர்களே, 20 சென் நாணயத்தை 100 முறை சுண்டி, பூவா எண்ணா என்று வரிசையாக எழுதுங்கள். ஒரே பக்கம் அடுத்தடுத்து ஐந்து முறையாவது விழுந்த இடம் அநேகமாக இருக்கும். நாணயத்துக்கு ஏது திறமை?

கூடைப்பந்தில் மூன்று பந்து தொடர்ந்து விழுந்தால் நான்காவதும் விழும் என்று நம்புகிறோம். 1985இல் கிலோவிச், வலோன், டுவெர்ஸ்கி மூவரும் அமெரிக்க வீரர்களின் எறிதல்களை ஆராய்ந்து, அது வெறும் தோற்றம் என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது.

2018இல் மில்லரும் சான்ஹுர்ஹோவும் அந்தக் கணக்கிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். அதை நீங்களே சோதிக்கலாம். மூன்று முறை சுண்டினால் எட்டு வரிசைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும், பூவுக்கு அடுத்த சுண்டல்களில் எத்தனை பங்கு மீண்டும் பூ என்று குறியுங்கள். 'பூ, பூ, எண்' என்றால் பாதி. பூவுக்கு அடுத்து சுண்டலே இல்லாத இரண்டு வரிசைகளை விட்டுவிடுங்கள். மீதி ஆறின் சராசரி பாதி என்றுதானே நினைப்பீர்கள்? 5/12தான் வரும்! (முதலில் நானும் நம்பவில்லை.)

அப்படியென்றால், குறைந்த எறிதல்களை வைத்துக் கணக்கிடும்போது, பாதி வாய்ப்புள்ள வீரருக்கு வெற்றிக்குப் பின்னும் சரிபாதி வந்தால், அது தற்செயலைவிடக் கூடுதல். திருத்திக் கணக்கிட்டபோது, 1985இன் பழைய பதிவுகளிலேயே அந்தக் கூடுதல் தென்பட்டது.