குடிபெயர்வார் உடைமையும் கடற்செலவும்

கடல் கடந்து செல்லுதல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே ஏற்றுமதிப் பண்டங்களும் இறக்குமதிப் பண்டங்களும் அளவின்றிக் குவிந்து கிடந்தமையையும், சுங்கங்கொள்வோர் அவற்றின்மீது புலிப்பொறி இட்டுக் காத்தமையையும் பட்டினப்பாலை வாயிலாக அறிகின்றோம். அந்நாளில் கடல் கடந்தவை பெரும்பாலும் வாணிகப் பண்டங்களே. இந்நாளிலோ இல்லமே கடல் கடக்கின்றது. கட்டிலும் பீரோவும், அம்மியும் குத்துவிளக்கும், பிள்ளைகளின் பாடநூல்களும் கப்பலேறுகின்றன. அவை எவ்வாறு செல்கின்றன, அவற்றை அனுப்புவார் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

கோடம்பாக்கம் திரைப்படத் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். ஆயினும் இன்று அதன் தெருக்களில் வேறொன்றையுங் காணலாம். பிள்ளைகள் அயல்நாடுகளில் இருக்க, முதியோர் மட்டும் தனித்து வாழும் இல்லங்கள் அங்குப் பல. அத்தகைய இல்லம் ஒன்றினை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். கணவரை இழந்த மூதாட்டியார் ஒருவர், மெல்போர்ன் நகரில் வாழும் தம் மகளோடு உறைதற்குப் புறப்படுகின்றார் என்க. நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்தல் வேண்டும். எதனைக் கொண்டு செல்வது? எதனை விடுவது? எதனை இங்கேயே காத்து வைப்பது? இம்மூன்று வினாக்களுள் இப்பொருள் முழுதும் அடங்கும்.

கோடம்பாக்கத்தில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவார்க்குத் துறைமுகம் எதிரே உளது. முற்காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கடலிலே நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே அலைகளினூடு ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து சென்றன. பின்னர்த் துறைமுகம் கட்டத் தொடங்கிய காலத்தும், 1881-ஆம் ஆண்டுப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. இத்தகைய கடலிலே ஒரு தகரப்பெட்டியோடு சென்றவரே பலர். வீட்டைக் கொண்டு சென்றவர் சிலரே. அந்நிலையை மாற்றியது இரும்புப் பெட்டகம். கண்டெய்னர் என மக்கள் வழங்குவது அதுவே. 1956 ஏப்பிரல் 26-ஆம் நாள் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர், 58 பெட்டகங்களை ‘ஐடியல் எக்ஸ்’ என்னுங் கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் திறக்கப்பட்டது.

முதல் வினாவுக்கு விடை காணக் கணக்கு வேண்டும். இருபதடிப் பெட்டகம் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். பெட்டகம் முழுதும் நிரம்பாதார் பிறரோடு கூடி ஒரே பெட்டகத்தில் அனுப்புவர். அப்போது கட்டணம் பருமனைப் பொறுத்தது. கன மீட்டருக்கு ஒரு டன் என்னும் அளவை எடை மிஞ்சினாலன்றி எடை கணக்கில் வாராது. இரண்டு மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் ஆழமும் உடைய பீரோ 1.44 கன மீட்டர் இடங்கொள்ளும். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உடைய நூற்பெட்டி 0.036 கன மீட்டரே கொள்ளும். எனவே, ஒரு வெறும் பீரோ செல்லும் இடத்தில் நாற்பது பெட்டி நூல்கள் செல்லும்! விமானத்திலோ ஒரு கன மீட்டரை ஏறக்குறைய 167 கிலோ எனக் கொண்டு, அதனினும் எடை மிகுமாயின் எடைக்கே கூலி வாங்குவர். ஆகவே நூல்கள் கடல்வழிச் செல்லுதற்கு உரியன. உடனே வேண்டும் உடைகள் வான்வழிச் செல்லலாம். ‘நூல்கள் கனம், அவற்றை விட்டுவிடுக’ என்று கூறுவார் இக்கணக்கை அறியாதாரே.

இனிப் பொதிதல். ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, உள்ளிருப்பனவற்றைத் தனித்தனியே எழுதிய பட்டியல் வேண்டும். ‘சமையற் சாமான்’ என்று மட்டும் எழுதின் சுங்கத்தாரும் ஐயுறுவர்; காப்பீட்டாரும் இழப்பீடு தரத் தயங்குவர். உடையவரே கட்டிய பெட்டியுள் ஒன்று உடைந்தால் காப்பீட்டார் பெரும்பாலும் ஏலார். மரச்சட்டங்கொண்டு பொதிவதாயின், அம்மரம் உள்வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். புகையூட்டல் போன்ற ஏற்கப்பட்ட பிற முறைகளும் உள. இஃது உலக நாடுகள் பல ஏற்ற பூச்சித்தடை விதி. மேலும், சென்னையின் ஈரக்காற்றை உள்ளடக்கி மூடிய பெட்டகம் குளிர்ந்த கடற்பகுதியை அடைந்ததும், அக்காற்றின் ஈரம் மேற்றகட்டிலே நீராய்ப் படிந்து துளித்துளியாய் வீழும். மழையின்றியே மெத்தை நனைந்து பூஞ்சணம் பூப்பது இதனால்தான். ஈரமுறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுதல் இதற்கு மருந்து.

இரண்டாம் வினா சட்டத்தைச் சார்ந்தது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளையும், எழுபத்தைந்தாண்டு கடந்ததும் இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புடையதுமான சுவடியையும் தனியார் எவரும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. நம் மூதாட்டியாரின் பூசையறையிலுள்ள வெண்கலப் படிமம் பாட்டனார் காலத்ததாயின், அது புறப்படுமுன்னரே தொல்லியல் துறையினரிடம் காட்டித் தொல்பொருளன்று எனச் சான்று பெறுதல் நன்று. பரணில் ஏட்டுக்கட்டு ஒன்று கிடப்பின் அதனைக் குப்பையென எறிதலும் தவறு, பெட்டியில் ஒளித்தலும் தவறு. பெசன்ட் நகரிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் ஏடுகளைப் போற்றுதற்கென்றே 1943-இல் தோன்றியது. தமிழ் பயில்வாராகிய எமக்கு இவ்விடம் நெஞ்சு துடிக்கின்றது. ஒரு வீடு காலியாகும் ஒரு நாளிலே, ஒருவர் அவசரத்திலே, அச்சேறாத நூலொன்று அழிந்துபடக்கூடும் அன்றோ?

செல்லும் நாட்டின் விதியும் உண்டு. ஆஸ்திரேலியர் மண், விதை, வைக்கோல், மரப்பட்டை ஆகியவற்றில் மிகக் கண்டிப்புடையார். செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணும் கழுவப்பட்டிருத்தல் வேண்டும். இங்கிலாந்திற் குடியேறுவார், ஆறு திங்களேனும் தம்மிடம் இருந்து பயன்பட்ட பொருள்களை உரிய இசைவு பெற்றுத் தீர்வையின்றிக் கொண்டு செல்லலாம். எனவே பழைய பொருளுக்கே சலுகை. புறப்படும் வாரத்திற் புதியன வாங்கிக் குவித்தல் இழப்பே தரும்.

காப்பீடு வேண்டுமோ என வினவுவார் உளர். 2021 மார்ச்சு 23-ஆம் நாள் ‘எவர் கிவன்’ என்னும் பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தது. விடுபட்ட பின்னும் எகிப்து அதனை ஜூலை 7 வரை தடுத்து வைத்தது. கப்பலுடையார் ‘பொதுச்சேதம்’ என அறிவித்தனர். கப்பலைக் காத்தற்பொருட்டு நேர்ந்த செலவைக் கப்பலுடையாரும் சரக்குடையார் அனைவரும் தத்தம் பொருள் மதிப்பிற்கேற்பப் பகிர்ந்துகொள்ளுதலே இம்முறை. தம் பெட்டிக்கு ஒரு கீறலும் நேராதவரும் பிணை கொடுத்தே தம் பொருளை மீட்க வேண்டும். காப்பீடு உடையார்க்கு அப்பிணையைக் காப்பீட்டாரே கொடுப்பர். இல்லாதார் தம் கைப்பொருளைத் தேட நேரும். 2025 மே 25-ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் ‘எம்எஸ்சி எல்சா 3’ 640 பெட்டகங்களோடு மூழ்கியமையும் நினைவில் நிற்பது.

கூலி பேசுங்கால் ‘துறைமுகம் வரை’ என்பதும் ‘வீட்டு வாயில் வரை’ என்பதும் வேறு என்பதை உணர்தல் வேண்டும். முன்னது மலிவாகத் தோன்றும். ஆயின், அங்குப் பெட்டகம் திறக்கும் கூலி, சுங்கமுகவர் கூலி, வண்டிக்கூலி யாவும் பின்னர் வந்து சேரும். வீட்டிற்கு வந்து பொருள்களை நேரிற் கண்டு அளவிடாது விலை கூறுவாரை நம்புதல் தகாது. ஒப்பந்தத்தை எழுத்திற் பெறுக.

மூன்றாம் வினா காத்துவைத்தல். சென்னையில் பொருளுக்குப் பகை மூன்று: ஈரம், கறையான், வெள்ளம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுட் புகுந்தது. தரைத்தளத்துப் பொருள்கள் நீரில் மூழ்கின. ஆதலின் கிடங்கு தேடுவார், வாடகையை வினவுமுன் அது தரையினின்றும் எவ்வளவு உயரத்திலுளது, அந்நாள் அங்கு நீர் ஏறிற்றா என்று வினவுக. எப்போது திறந்து பார்க்கலாம், வாடகை தவறின் பொருள் என்னாகும் என்பவற்றையும் ஒப்பந்தத்திற் காண்க.

இதுகாறுங் கூறியவற்றால் வழிமுறைகள் ஒருவாறு விளங்கும். எனினும் முதல் வினாவிற்கு முழுவிடை அளவுகோல் தருவதன்று. பெரும்பாலும் பட்டியல் எழுதுவார் அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகள். பொருளோடு வாழ்ந்தவர் தாய். எந்த அம்மி செல்ல வேண்டும், எந்த நாற்காலி பக்கத்து வீட்டிற்கு உரியது என்பதை அவரே அறிவார். பொதிவார் வருதற்கு ஒரு திங்களுக்கு முன்னரே அவரோடு அறைதோறும் நடந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்க. அப்பட்டியலே கப்பலுக்கும் காப்பீட்டிற்கும் சுங்கத்திற்கும் உரிய பட்டியலுமாம்.