முழங்கால் ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தான் வழியா?

கபடியில் ரெய்டு போனவன் சட்டென்று திரும்புவான். பாதம் மண்ணில் ஊன்றி நிற்கும், உடம்பு மட்டும் சுழலும். முழங்காலுக்குள் 'டொப்'பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் கால் பந்து மாதிரி வீங்கிவிடும். உடனே நம்ம பக்கம் என்ன சொல்வாங்க? "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவி விடு." எக்ஸ்ரே எடுத்தால் "எலும்பு நல்லா இருக்கு" என்று வரும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது! டாக்டர் காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் சோதனையிலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும்தான் தெரியும்.

அந்த ஜவ்வின் பெயர் ஏ.சி.எல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்கே கட்டியிருக்கும் கயிறு. முழுதாக அறுந்தால் பெரும்பாலும் பழையபடி ஒட்டாது. ஆபரேஷன் என்றால் அதைத் தைப்பது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. நம் தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுப் புதுக் கயிறாகக் கோர்க்கிறார்கள்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு 2023 ஆகஸ்டில் மும்பையில் இந்த ஆபரேஷன் நடந்தது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்று வரை போய்விட்டார் (எடை விவகாரம் வேறு கதை). கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்துக்கு 2023 ஜனவரியில் முழங்கால் ஜவ்வு ஆபரேஷன். மறுபடி களம் இறங்கியது 2024 மார்ச்சில்.

அப்படியானால் எல்லோருக்கும் ஆபரேஷனா? சுவீடனில் ஜவ்வு அறுந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பாதிக்கு முதலில் உடற்பயிற்சி சிகிச்சை, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010-இல் முடிவு வந்தது: 2 வருடம் கழித்து இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஆனால் 5 வருடத்துக்குள் பயிற்சிப் பிரிவில் பாதிப் பேர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பாதிக்குக் கத்தியே தேவைப்படவில்லை. தொழில்முறை வீரர்களை இதில் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்கணும்.

ஆகவே கேள்வி, அந்தக் காலுக்கு என்ன வேலை இருக்கு என்பதுதான். நேராக நடப்பது, சைக்கிள் மிதிப்பது போதும் என்றால் பயிற்சியே பலருக்குப் போதும். கபடி, வாலிபால் என்று திரும்பித் தாவணும் என்றால் ஆபரேஷன் பக்கம் தராசு சாயும். நடக்கும்போதே கால் அடிக்கடி 'மடங்கி' விட்டாலும் அப்படியே. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை என்றால் தள்ளிப்போடவே கூடாது. உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு கிழிந்து சிக்கியிருக்கலாம்.

நம் வயதில் இன்னொரு விஷயம்: எலும்பு வளரும் பகுதி மூடியிருக்காது. துளை போடுவதில் தனிக் கவனம் வேண்டும். டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேட்கணும்.

ஆபரேஷன் செய்தாலும் பயிற்சி தப்பாது. குறைந்தது 9 மாதம் மைதானம் கிடையாது. அப்புறமும் ஒரு பரீட்சை உண்டு. அடிபட்ட காலால் நொண்டித் தாண்டும் தூரம், நல்ல காலால் தாண்டுவதில் 90 சதவீதமாவது வரணும். நம்ம நொண்டி விளையாட்டேதான்!